“குடும்பத்தையும் கூட்டிட்டுப் போகலாமாமே?” மாணவர் விசாவில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை

ராமநாதபுரம் கடற்கரையில், கீழக்கரையிலோ பெரியபட்டினத்திலோ பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால், கட்டணம் எவ்வளவு என்பதற்கு அடுத்து வரும் கேள்வி இதுதான்: “குடும்பத்தையும் கூட்டிட்டுப் போகலாமாமே?” அந்த ‘ஆமே’யில்தான் சிக்கல் இருக்கிறது. யாரோ சொன்னது. பெரும்பாலும் பிரிட்டனில் இருக்கும் சொந்தக்காரர் சொன்னது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் போன 2022-ல் அது உண்மைதான். இன்று அதே ஊரில், அதே பல்கலைக்கழகத்தில், அதே படிப்புக்கு அது உண்மை இல்லை.

கூட யார் வரலாம் என்பது இந்தக் கரைக்குப் புதிய கேள்வி அல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் மண்டபம் முகாமில் சில நாள் தங்க வைக்கப்பட்டு, தொற்றுநோய் இல்லை என்று தெரிந்த பிறகே கடல் தாண்டினார்கள். 1914-க்குப் பிறகு பாம்பன் பாலம் வழியாக தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். அவர்களில் பலர் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். தோட்டக்காரர்களுக்கு இரக்கம் வந்து அனுமதித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டியிருந்தது.

பிறகு வளைகுடா வந்தது. அங்கே தேவைப்பட்டது தனி ஆள். குடும்பத்தை அழைத்துக்கொள்ள சம்பளம்தான் அளவுகோல். ஐக்கிய அரபு அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால்தான் மனைவி மக்களுக்கு ஸ்பான்சர் செய்யலாம். அதற்குக் குறைந்த சம்பளக்காரர் சபுராளியாகவே, அதாவது கடல் கடந்து தனியாகப் பிழைக்கிறவராகவே இருந்து, விடுமுறைக்கு விடுமுறை ஊருக்கு வந்து போனார். கீழக்கரையில் கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தன் தாய்வீட்டிலேயே வாழும் வழக்கம் இருந்ததால், கணவன் இல்லாத வருஷங்களை அந்த வீடு தாங்கிக்கொண்டது. உம்மா, அதாவது பெண்ணின் அம்மா, பக்கத்திலேயே இருந்தார். பிள்ளை வளர்ந்தது.

மாணவர் விசாவையும் இதே கண்ணால் பார்த்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். நம்மைச் சேர்த்துக்கொள்ளும் நாடு, தன் தேவைக்குத்தான் குடும்பக் கதவைத் திறக்கிறது. தேவை தீர்ந்தால் சாத்துகிறது. தோட்டத்தில் அளவுகோல் கை, வளைகுடாவில் சம்பளம், இங்கே படிப்பின் வகை. கணவன் மனைவி உறவு எவ்வளவு உண்மையானது என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி: என்ன படிக்கப் போகிறீர்கள்?

பிரிட்டனில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஓடும் வதந்திகளில் முக்கால்வாசி அங்கிருந்து கிளம்புபவை. படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் தங்கி வேலை பார்க்க உதவும் பட்டதாரி விசா 2021 ஜூலையில் அங்கே வந்தது. ஒன்பது மாதமோ அதற்கு மேலோ நீளும் எந்த முதுநிலைப் படிப்புக்கும் துணைவரையும் பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம் என்ற விதி அதற்கு முன்பே இருந்தது. இரண்டும் சேர்ந்ததும் ஒரு வருட மாஸ்டர்ஸ் படிப்பு ஒரு குடும்ப விசாவாகவே ஆகிப்போனது. ஒருவர் படிப்பார், இன்னொருவர் முழு நேரம் வேலை பார்ப்பார், குழந்தை அரசுப் பள்ளியில் கட்டணமில்லாமல் படிக்கும். 2019-ல் மாணவர்களைச் சார்ந்தவர்களுக்கு அந்த நாடு கொடுத்த விசா சுமார் 16,000. 2022-ல் அது சுமார் 1,36,000. அதிகம் போனவர்கள் நைஜீரியர்களும் இந்தியர்களும். இப்படி ஒரு எண் எந்த நாட்டு அரசியலிலும் சத்தம் போடாமல் இருக்காது. 2023 மே மாதம் அறிவிப்பு வந்தது. 2024 ஜனவரி 1-ம் தேதியும் அதற்குப் பிறகும் தொடங்கும் படிப்புகளுக்குப் புதிய விதி.

இப்போது அங்கே குடும்பத்தைக் கூட்டிப் போகக்கூடியவர்கள் இரண்டே வகை. முனைவர் பட்டம் போன்ற ஆராய்ச்சிப் படிப்பில் சேர்பவர்கள் ஒரு வகை. அரசு கொடுக்கும் முழு உதவித்தொகையில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்குப் போகிறவர்கள் இன்னொரு வகை. சொந்தச் செலவில் எம்எஸ்சி, எம்பிஏ என்று வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் முதுநிலைப் படிப்புகளுக்கு இடமே கிடையாது. இளநிலைக்கு முன்பும் இல்லை, இப்போதும் இல்லை. ‘ரிசர்ச்’ என்ற சொல் பாடத்தின் பெயரில் இருந்தால் போதும் என்று சில ஏஜெண்டுகள் சொல்லுவார்கள். போதாது. அந்தப் படிப்பை விசா விதிகளின்படி ஆராய்ச்சிப் பட்டமாக எடுத்துக்கொள்வார்களா என்பதைப் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஒரு மின்னஞ்சலுக்கு ஆகிற செலவுதான்.

“சரி, ஒரு வருஷம் தனியா படிச்சு முடிச்சிட்டு, பட்டதாரி விசா வாங்கினதும் மனைவியைக் கூப்பிட்டுக்கலாம்” என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அந்த வழியும் அடைபட்டதுதான். பட்டதாரி விசாவில் ஊரிலிருந்து புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. மாணவர் விசாவிலேயே கூட இருந்தவர்கள்தான் தொடரலாம். அந்த விசாவின் காலமும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது, முனைவர் பட்டக்காரர்களைத் தவிர. மிச்சம் இருப்பது திறன்பணியாளர் விசா. அதில் குடும்பத்துக்கு இடம் உண்டு. ஆனால் பட்டப்படிப்புத் தரத்து வேலையாக இருக்க வேண்டும். 2025 ஜூலையில் பொதுவான சம்பள வரம்பை ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்த்தினார்கள். புதிதாக வேலைக்கு வரும் பட்டதாரிகளுக்குச் சலுகை இருந்தும் அது 33,400 பவுண்டு. துபாயின் சம்பள அளவுகோலே வேறு கோட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இனி ‘குடும்பம்’ என்ற சொல். நம் வீட்டில் அதற்கு ஒரு பொருள், விசா படிவத்தில் இன்னொரு பொருள். படிவத்தில் குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, அப்புறம் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அமெரிக்காவில் 21 வயதுக்கும், கனடாவில் 22 வயதுக்கும் உட்பட்ட மணமாகாத பிள்ளைகள். உம்மா இல்லை, வாப்பா இல்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிற ராத்தா (அக்கா) இல்லை.

பிரிட்டன் விதியில் இன்னொரு முள் இருக்கிறது. நம் கரையை நினைத்தே எழுதினார்களோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு அது இங்கே குத்தும். குழந்தைக்கு விசா வேண்டுமானால், தாய் தந்தை இருவருமே அங்கே இருக்க வேண்டும், அல்லது கூடவே விண்ணப்பிக்க வேண்டும். தந்தையோ தாயோ இறந்திருந்தால், அல்லது ஒருவர் மட்டுமே குழந்தையின் முழுப் பொறுப்பையும் ஏற்றிருந்தால், அல்லது மிக வலுவான வேறு காரணம் இருந்தால்தான் விலக்கு. கீழக்கரையில் பொறியியல் கல்லூரி 1984 முதலும், தாசிம் பீவி அப்துல் காதர் பெண்கள் கல்லூரி 1988 முதலும் இருக்கின்றன. படித்த பெண்கள் ஆராய்ச்சிக்கு வெளிநாடு போவது இனி அதிசயம் இல்லை. ஒரு பெண்ணுக்கு அங்கே முனைவர் பட்ட இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணவர் துபாயில். நான்கு வயதுக் குழந்தை உம்மாவிடம். “நான் பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேன், நீங்க அங்கேயே சம்பாதிங்க” என்று இருவரும் பேசி வைத்தால், விதி ஒத்துக்கொள்ளாது. ‘தந்தை வேறு நாட்டில் வேலை செய்கிறார், மாதாமாதம் பணம் அனுப்புகிறார், தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறார்’ என்றால், அவரும் பொறுப்பில் இருக்கிறார் என்றுதான் அதிகாரி எடுத்துக்கொள்வார். தந்தையின் சம்மதக் கடிதம் மட்டும் இதற்குப் போதாது.

அப்படியானால் கணவர் துபாய் வேலையை விட்டுவிட்டு, மனைவியின் விசாவைச் சார்ந்தவராகப் போக வேண்டும். “பொண்டாட்டிக்கு டிபென்டென்ட்டா?” என்று ஜமாஅத்தில் நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். சட்டப்படி பார்த்தால் அங்கே அவர் நிலைமை மனைவியைவிட ஒருவகையில் வசதி. மாணவர் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அவரைச் சார்ந்து வந்த துணைவருக்கு அந்த மணிக்கணக்கு இல்லை.

பணக்கணக்குக்கு வருவோம். ஏஜெண்ட் அலுவலகத்தில் சொல்வது கட்டணமும் மாணவரின் செலவும்தான். குடும்பத்தின் பங்கு கடைசி நிமிஷத்தில்தான் வெளியே வரும். பிரிட்டனில் மாணவரைச் சார்ந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 680 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு வங்கியில் காட்ட வேண்டும். லண்டன் என்றால் 845. லண்டனுக்கு வெளியே துணைவர், ஒரு குழந்தை என்றால் 12,240 பவுண்டு. ஒரு பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தால் சுமார் 14 லட்சம். இது காட்ட வேண்டிய பணம், நம்மிடமே இருக்கும். கட்டியே தீர வேண்டிய பணம் வேறு. மருத்துவ வரி ஆளுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. மூன்று ஆண்டு ஆராய்ச்சிக்கு விசா முன்பின் சேர்த்துக் கொஞ்சம் நீளும் என்பதால் மூன்றரை ஆண்டுக்கு வாங்குவார்கள். ஆளுக்கு 2,716, மூன்று பேருக்கு 8,148. அதாவது 9 லட்சத்துக்கு மேல், விமானம் ஏறுவதற்கு முன்பே, ஒரே தவணையில். விசாக் கட்டணம் தனி. கல்விக்கடன் இதற்கு உதவாது. அது மாணவரின் கட்டணத்துக்கும் செலவுக்கும் கொடுக்கப்படுவது. மனைவி மக்களின் செலவை வங்கி அதில் சேர்க்காது.

காட்டுகிற பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் கிடக்க வேண்டும். ஒருநாள் ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. மாணவர் தன் பங்குக்குப் பெற்றோர் கணக்கைக் காட்டலாம். சாச்சா கணக்கு, மாமா கணக்கு, மச்சான் கணக்கு எதுவும் செல்லாது. நகை செல்லாது, பங்குப் பத்திரம் செல்லாது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து மீனவக் குடும்பங்களுக்கு இது தனி வேதனை. செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்டில் விசாவுக்குப் போடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கையில் காசு வற்றிப்போய், படகைப் பழுது பார்க்கவே கடன் வாங்கியிருக்கிற அதே வாரங்களில், பல லட்சம் 28 நாள் அசையாமல் கிடக்க வேண்டும் என்கிறது விதி. தவிரவும் மீன் வியாபாரத்தில் பணம் ரொக்கமாகப் புரள்கிறது. கணக்கில் திடீரென்று ஒரு பெரிய தொகை வந்து விழுந்தால் எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும். தடைக்காலத்துக்கு முன்பே, பங்குனி மாதத்திலேயே நகையை வங்கியில் வைத்துப் பணமாக்கி, அதற்கான ரசீதோடு கணக்கில் போட்டுவிடுவதுதான் எனக்குத் தெரிந்த நேர்வழி.

நேரல்லாத வழியும் சந்தையில் விற்கிறது. “28 நாளுக்கு நாங்க பணம் போட்டு வைக்கிறோம், வட்டி மட்டும் குடுங்க” என்பார்கள். போலி வங்கிக் கடிதம், ஏமாற்று என்று பிரிட்டன் முடிவு கட்டினால் பத்து ஆண்டு அந்த நாட்டுப் பக்கம் தலைவைக்க முடியாது. கனடாவில் பொய்த் தகவலுக்கு ஐந்து ஆண்டுத் தடை. ஏஜெண்டுக்கு ஒரு ஃபைல் போனால் இன்னொரு ஃபைல் வரும்.

மற்ற நாடுகள் எப்படி? கனடா முகம் வேறு, போக்கு ஒன்றுதான். அங்கே துணைவர் போய் எந்த வேலையும் செய்யத் திறந்த பணி அனுமதி தருவார்கள் என்ற பேச்சுதான் நம்மூரில் பெரிய கவர்ச்சி. 2025 ஜனவரி 21 முதல் அது 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுநிலைப் பட்டம், முனைவர் பட்டம், குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள் ஆகியவற்றைப் படிப்பவர்களின் துணைவருக்கு மட்டும். கல்லூரிகளில் நம் பிள்ளைகள் அதிகம் சேரும் ‘பிஜி டிப்ளமோ’ இதில் வராது. டிப்ளமோ இரண்டு வருஷம், மாஸ்டர்ஸ் ஒரு வருஷம் என்று ஆண்டை எண்ணி ஏமாறுகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். பன்னிரண்டு மாத முதுநிலைப் பட்டமும் செல்லாது, இருபத்துநான்கு மாத டிப்ளமோவும் செல்லாது. தனி ஆள் ஒருவர் படிப்புக் கட்டணம் போகக் காட்ட வேண்டிய தொகை 2025 செப்டம்பர் முதல் 22,895 கனடா டாலர். ஆள் கூடக்கூட அது ஏறும்.

ஆஸ்திரேலியா இன்னும் குடும்பத்தோடு வரவிடுகிறது, ஆனால் பையைக் கனமாக வைத்துக்கொண்டு வரச் சொல்கிறது. 2024 மே மாத விதிப்படி மாணவருக்கு ஆண்டுக்கு 29,710 ஆஸ்திரேலிய டாலர், துணைவருக்கு 10,394, குழந்தைக்கு 4,449, பள்ளி செல்லும் வயது என்றால் மேலும் 13,502. கூட்டினால் 58,055. கல்லூரிக் கட்டணமும் பயணச் செலவும் இதில் இல்லை. அங்கே ஒரு விஷயத்தில் நம்மவர்கள் தவறாமல் சறுக்குகிறார்கள். மனைவி இப்போது வரவில்லை என்றாலும் முதல் விண்ணப்பத்திலேயே அவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். “கல்யாணமானவன்னு சொன்னா விசா கிடைக்காது, பேச்சிலர்னு போட்டுடு” என்று யாராவது யோசனை சொன்னால் அவரிடமிருந்து விலகி நடப்பது நல்லது. மறைத்த மனைவியைப் பிறகு கூப்பிட முடியாது. மாணவர் முதுநிலையோ முனைவர் பட்டமோ படித்தால், துணைவர் மணிக்கணக்கு இல்லாமல் வேலை செய்யலாம். மற்ற படிப்புகளுக்கு அவருக்கும் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான்.

அமெரிக்காவில் எஃப்-1 மாணவரின் குடும்பத்துக்கு எஃப்-2. இளநிலை, முதுநிலை, முனைவர் என்ற பாகுபாடு இல்லை. ஒவ்வொருவருக்கும் விசா கேட்கத் தகுதி உண்டு என்று காட்டும் ஐ-20 படிவம் தனித்தனியாகப் பல்கலைக்கழகத்திடம் வாங்க வேண்டும், அவ்வளவே. ஆனால் எஃப்-2-வில் போகிற துணைவர் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது. ஊரில் ஆசிரியையாகவோ செவிலியராகவோ இருந்த பெண் அங்கே போய் ஐந்தாறு ஆண்டு அடுப்படியில் நிற்பது சாதாரண விஷயமில்லை. இந்தத் தனிமையை விசா ஆலோசகர் யாரும் விலைப்பட்டியலில் சேர்ப்பதில்லை. பரிமாற்றத் திட்டத்தில் ஜே-1 விசா கிடைத்தால் கதை வேறு; அதில் துணைவர் வேலை அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம்.

ஜெர்மனியைப் பற்றிச் சுருக்கமாக. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணமில்லை என்பதால் பலர் பார்க்கிறார்கள். துணைவருக்குப் பொதுவாக ஏ1 என்ற தொடக்க நிலை ஜெர்மன் மொழித் தேர்வு வேண்டும், வந்த பிறகு தாராளமாக வேலை செய்யலாம். மாணவர் அரசு முறை மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், வருமானமில்லாத துணைவரும் குழந்தைகளும் கூடுதல் கட்டணமின்றி அதிலேயே சேரலாம். பிரிட்டனின் மருத்துவ வரியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய மிச்சம் என்று தெரியும். வீட்டில் மனைவி மொழி படிக்க ஆறு மாதம் ஒதுக்க முடிந்தவர்கள் இதை யோசிக்கலாம்.

எந்த நாடானாலும் கடைசியில் வந்து நிற்பது காகிதம். இங்கேதான் நம் கரையின் ஃபைல்கள் அதிகம் தடுக்கி நிற்கின்றன. நிகாஹ் பள்ளிவாசல் தப்தரில், அதாவது அங்குள்ள பதிவேட்டில், பதிவாகியிருக்கும். பாம்பன் பக்கம் என்றால் கோயில் புத்தகத்தில், அதாவது மாதா கோயில் பதிவேட்டில். ஊருக்கு அது போதும். வெளிநாட்டு அதிகாரிக்கு அரசுப் பதிவுச் சான்றிதழ் இருந்தால்தான் கேள்வி குறையும். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ல் வந்தது. எந்த மதத் திருமணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை பதினைந்தாம் நாள் விமானம் ஏறிவிடுகிற ஊரில் இந்த 90 நாள் எப்படிப் போனதென்றே தெரியாது. ஆறு வருஷம் கழித்து விசாவுக்காக ஓடும்போதுதான் ஞாபகம் வரும்.

அப்புறம் பெயர். முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். கல்விச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று, குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயராக மூன்றாவது. நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கணவன், மனைவி, குழந்தை மூவரின் பாஸ்போர்ட்டிலும் கடைசிப் பெயர் மூன்று விதமாக இருக்கும். அது குற்றமில்லை, நம் வழக்கம். ஆனால் எழுத்துக்கூட்டல் மட்டும் ஆவணத்துக்கு ஆவணம் ஒன்றாக இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் வெறுமையாகவே கிடப்பதும் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது பெயர் வைத்திருக்க மாட்டார்கள். பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் அதைச் சேர்க்கலாம். இதையெல்லாம் ஆஃபர் லெட்டர் வருவதற்கு முன்பே முடித்துவிடலாம். காசும் அதிகம் ஆகாது. ஆஃபர் வந்த பிறகு மதுரைக்கும் சென்னைக்கும் அலைகிற நாட்களில் ஒவ்வொரு திருத்தமும் ஒரு வாரத்தைத் தின்னும்.

குழந்தையை வளர்க்கப் போகிற உம்மாவின் கதை மிச்சம் இருக்கிறது. மாணவர் விசாவில் அவருக்கு இடமில்லை என்றேன். பிரிட்டனுக்கு அவர் வருகையாளர் விசாவில் போகலாம், ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஆறு மாதம். அதுவும் மகளைப் பார்க்கப் போவதாக இருக்க வேண்டும். ஆறு மாதம் இருந்துவிட்டு வந்து உடனே அடுத்த ஆறு மாதத்துக்குக் கிளம்பினால், வருகையாளர் விசாவில் குடியிருக்கப் பார்க்கிறார் என்று நிறுத்திவிடுவார்கள். ஆகவே மகளும் மருமகனும் முறை வைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியுமா, மருமகன் இரவு வேலைக்குப் போனால் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் மகள் எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்பதை எல்லாம் கீழக்கரையில் உட்கார்ந்தே பேசி முடித்துவிட்டு அப்புறம் படிவத்தைத் திறக்கலாம்.